பச்சைக் கதவு வீட்டைப் பார்க்க வந்தவள்

"பச்சைக் கதவு வீட்டை நீங்க பார்த்ததா ஊரே பேசிக்குது, மேடம். பிடிச்சிருந்ததா?"

அடுப்புக் கம்பியில் கிடந்த சாஸேஜைப் புரட்டியபடி உள்ளூர் ரசிகர் மெர்ல் கேட்டார். கோரினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தரகருடன் அந்த வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு நேராக இங்கேதான் வருகிறாள். செய்தி அவளை முந்திக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறது.

"பார்த்தேன். இன்னும் முடிவு பண்ணலை," என்றாள் ஜாக்கிரதையாக.

டன்மோர் பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் மைதானத்துக்கு வெளியே, வண்டிகள் நிற்கும் இடம் முழுக்க ஒரே புகை. பின்கதவைத் திறந்து போட்ட டிரக்குகள், ஆளுக்கோர் அடுப்பு, மடக்கு நாற்காலி, பச்சைத் தொப்பி. ஏப்ரல் மாதத்து அயோவா காற்று காதைக் கிள்ளியது. இத்தனைக்கும் இன்று நிஜ ஆட்டம்கூடக் கிடையாது. சொந்த அணியே இரண்டாகப் பிரிந்து தனக்குள் மோதிக்கொள்ளும் பயிற்சி ஆட்டம்தான்.

இதற்கா இவ்வளவு கூட்டம் என்று அவள் வியந்தாள். கோச் ஸ்டாட்லர் ஜனவரியில் வந்ததிலிருந்து அணியின் நடையே மாறிவிட்டது என்றார் மெர்ல். பல வருடங்களாகத் தோற்ற அணிக்கு இந்த முறை விடிவுகாலம்தானாம். போன வாரப் பயிற்சியில் எடுத்த டச் டவுன் புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கையை வீசி நடித்துக் காட்டினார்.

அவர் மனைவி டாட்டி நாற்காலியை விட்டு எழாமலே குறுக்கிட்டாள். "எல்லாம் யாருக்கு எதிரா எடுத்தது? நம்ம தடுப்பாட்டக்காரனுங்களுக்கு எதிராத்தானே? அவனுங்க வெறும் சல்லடைன்னு நிரூபிச்சிருக்கார் உன் கோச்."

"நல்ல நாள்ல வாயை வைக்காதே, டாட்டி."

கோரின் சிரித்துவிட்டாள். ஆனால் மனசு சிரிக்கவில்லை. இந்த ஊருக்குக் குடிவருவதா வேண்டாமா என்று மாலைக்குள் கணவனுக்குச் சொல்லியாக வேண்டும். மகள் ஐவியை நினைத்துத்தான் தயக்கம். கடைசியாக இருந்த ஊரில் ஒரு காலை ஐவி ஜன்னல் திரையை விலக்கினாள். முன்புறப் புல்வெளி முழுக்க 'வீடு விற்பனைக்கு' என்ற பலகைகள். வீட்டை விற்கும் எண்ணமே அவர்களுக்கு இல்லை. தோற்ற கோச்சை ஊரைவிட்டுக் கிளம்பச் சொல்ல ரசிகர்கள் கண்டுபிடித்த வழி அது. அன்றிலிருந்து ஐவி யாரோடும் சிநேகம் வைத்துக்கொள்வதில்லை.

அதனால்தான் கோரின் ஊர் பார்க்க வந்தாள். வீட்டை அல்ல, ஜனங்களை.

"ஒண்ணு கேக்கட்டுமா? போன கோச் வீட்டு வாசல்ல விற்பனைப் பலகை நட்டாங்களா?"

மெர்லின் முழுக் கவனமும் திடீரென்று சாஸேஜுக்குப் போய்விட்டது.

"நட்டதே இந்த மனுஷன்தான்," என்றாள் டாட்டி.

மெர்ல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு அவரே சொன்னார். பலகையை நட்டு நிமிர்ந்தபோது, கோச்சின் மனைவி குப்பைப் பையோடு வெளியே வந்து எதிரே நின்றாராம். என்ன செய்வதென்று புரியாமல் அந்தப் பையை வாங்கித் தொட்டியில் போட்டுவிட்டு, பலகையைப் பிடுங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாராம்.

"அதுக்கப்புறம் தோத்த வாரமெல்லாம் ஒரு சட்டி கோழி நூடுல்ஸ் செஞ்சு, இவன் கையில கொடுத்து அங்க அனுப்பினேன். அதான் இவனுக்குத் தண்டனை," என்றாள் டாட்டி. "நிறைய தோத்தோம். ஊரைவிட்டுப் போறப்ப அந்த கோச் நல்லா குண்டாயிட்டார்."

அந்தக் குடும்பம் கிளம்பிய அன்று, சாமான்களை வண்டியில் ஏற்றிக் கொடுத்ததும் மெர்ல்தானாம். இன்றும் அவர்களிடமிருந்து கிறிஸ்துமஸ் வாழ்த்து வருகிறதாம்.

கோரினின் தோளில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கினாற்போல் இருந்தது.

மெர்ல் இடுக்கியை வைத்துவிட்டுக் கிட்டே வந்தார். கோச் ஸ்டாட்லர் இன்னும் குடும்பத்தைக் கூட்டிவராமல் வாடகை அறையில் தனியாக இருக்கிறார். பெரிய பல்கலைக்கழகம் ஏதாவது கொத்திக்கொண்டு போய்விடுமோ என்று ஊருக்கே தூக்கமில்லை என்றார். குரல் இன்னும் தாழ்ந்தது.

"நீங்க அவர் வீட்டம்மாதானே, மேடம்? நீங்களே வீடு பார்க்க வந்துட்டீங்கன்னா, அவர் இங்கேயே இருக்கப்போறார்னுதானே அர்த்தம்?"

பக்கத்து வண்டிகளில் பேச்சு நின்றுவிட்டது. ஒருவர் கடித்த ரொட்டியை மெல்லாமல் காத்திருந்தார்.

கோரின் டாட்டி நீட்டிய தட்டை வாங்கிக்கொண்டு, "என் பொண்ணுக்கு இந்த ஊர் பிடிக்கும்னு தோணுது," என்று மட்டும் சொன்னாள்.

அது போதுமாக இருந்தது. யாரோ ஹாரன் அடித்தார்கள். அடுத்த வரிசையும், அதற்கடுத்த வரிசையும் அடித்தன. கண் கலங்கியதை மறைக்க மெர்ல் புகையைக் குறை சொன்னார்.

சாப்பிட்டு முடித்து கோரின் தன் காருக்கு வந்தபோது, கூட்டம் ஸ்டாட்லர் பெயரைத் தாளம் போட்டுக் கூவிக்கொண்டே மைதானத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கணவனைப் போனில் அழைத்தாள்.

"சரின்னு சொல்லிடு, நீல். நல்ல ஜனங்க," என்றாள். "ஸ்டாட்லர் டெக்சஸுக்குப் போறதை நாளைக்கு அறிவிக்கிறாங்க இல்லையா, பாவம், இவங்க ரொம்ப உடைஞ்சு போவாங்க. அன்னிக்கே நீ வந்து அவர் இடத்துல கோச் பொறுப்பை எடுத்துக்க."