வலது ஓரத்து அலை

"அதைத் தொடாதே. இந்தப் படத்தைத் தொட்ட ரெண்டு பேரும் இப்ப இங்க இல்ல" என்றாள் அட்டை வடிவமைக்கும் அக்கா.

"அவங்க ஒழுங்கா செஞ்சிருக்க மாட்டாங்கக்கா. நான் செய்வேன்" என்றாள் புதுசு. பதிப்பகத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு அதுதான் பெயர்.

திரையில் ஒரு சைன் அலை. இடது ஓரத்தில் சாவகாசமாக ஏறி இறங்கிக் கிளம்பியது. போகப் போக வேகமெடுத்து, வலது ஓரத்தில் நெருக்கியடித்து நிற்க வேண்டும். நின்றால்தானே! நடுவழியில் கோணல்மாணலாகி, கடைசியில் மறுபடியும் மெதுவாகப் போவது போலப் பாசாங்கு செய்தது.

புத்தகத்தை எழுதிய பேராசிரியருக்கு அலுவலகத்தில் 'கறார்' என்று பெயர். போனில் பேச மாட்டார். பிடிக்காத பக்கத்தில் சிவப்பு மையில் 'படம் தவறு' என்று எழுதித் திருப்பி அனுப்புவார், அவ்வளவுதான். இந்த அலை அப்படி இரண்டு முறை திரும்பி வந்தது. இரண்டு முறையும் வரைந்தவரின் சீட்டு கிழிந்தது.

இன்று அவரே நேரில் வருகிறார். படம் தேறினால் அவளுக்கு வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

"மாடியில கேட்டுப் பாரேன். பாடத்தை அடிக்கிறவங்களுக்கு ஏதாவது தெரியும்."

"எதுக்குக்கா? பாடம் அவங்க பாடு, படம் நம்ம பாடு."

அந்த அலுவலகத்தில் காலங்காலமாக அப்படித்தான். எழுத்து மாடியில், படம் கீழே. அச்சுக்குப் போகும்போதுதான் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும்.

படத்தை வரையக் கறார் எழுதி அனுப்பிய லேடெக்ஸ் கணினி நிரலில் நோய் எங்கே என்று அவள் பிடித்துவிட்டாள். "பாருங்கக்கா, மொத்த அலையையும் முப்பதே புள்ளியில கோத்திருக்கு. மெதுவா போற இடத்துக்கு அது போதும். வேகமா ஆடுற இடத்துல பாதி வளைவு காணாமப் போயிடுது."

"முப்பதுன்னு போட்டதே அவர்தானே?"

"பெரியவங்களுக்குக் கை தவறாதா?"

முப்பதை இரண்டாயிரமாக்கினாள். நினைவகம் போதவில்லை என்று கணினி படுத்துவிட்டது. அவள் விடவில்லை. அலையைத் துண்டு துண்டாக வரைந்து ஒட்டினாள். ஒட்டிய இடத்தில் முடிச்சுத் தெரிந்தது. அதையும் சரிசெய்தாள். சாப்பாட்டு டப்பா திறக்காமலே கிடந்தது.

ஒருவழியாக அலை பிசிறில்லாமல் ஓடி, வலது ஓரத்தில் நெருக்கியடித்து நின்றது. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கறார் வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். பக்கத்திலிருந்து முதலாளியும் எட்டிப் பார்த்தார்.

"பிரமாதம்மா. இவ்வளவு அழகான அலையை நான் பார்த்ததே இல்ல."

அக்கா அவள் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"முன்னாடி இருந்த ரெண்டு பேரும் இப்படித்தான் உயிரைக் குடுத்துத் திருத்தினாங்க" என்றபடி கறார் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். "அந்த அத்தியாயத்தோட தலைப்பே 'புள்ளிகள் குறைந்தால் அலை எப்படிக் கெடும்?'ங்கிறதுதான்ம்மா!"