சும்மா கிடைத்த சக்கர நாற்காலி

ஸ்ரீரங்கத்து வீட்டுக் கூடத்தில், சோபாவில் அழகிரியும் எதிரே பிளாஸ்டிக் சேரில் பாலமுரளியும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த சக்கர நாற்காலியில் யாருமில்லை.

“காசெல்லாம் வேணாங்க. எங்களுக்கு இனிமே இது தேவைப்படாது,” என்றார் அழகிரி.

பக்கவாதத்தில் படுத்துவிட்ட மனைவியை நினைத்து பாலமுரளி தயங்கினான். செத்தவர் உட்கார்ந்ததில் அவளை எப்படி உட்கார வைப்பது?

“இதுல இருந்தவங்க... எப்போ தவறினாங்க?”

“நல்லாக் கேட்டீங்க போங்க! மொட்டை மாடியில துணி காயப்போடுறா. யமுனா, கொஞ்சம் கீழ வா!”

அழகிரியின் மனைவி யமுனா, காலி வாளியோடு படியிறங்கி வந்தாள். “ரெண்டு வருஷம் இதுலதாங்க இருந்தேன்,” என்று சிரித்தவள், தன்னை நடக்க வைத்த உறையூர் பிசியோதெரபிஸ்டுக்கு நாலு வரி எழுதினாள்.

“உங்க வீட்டுக்காரம்மா எழுந்து நடந்ததும், இதை விக்காம வேற யாருக்காவது குடுத்துடணும், சரிங்களா?” என்றபடியே கவரை ஒட்டி, பாலமுரளியிடம் கொடுத்தனுப்பினாள்.