வெள்ளை வேட்டிப் பரிசோதனை

அவன் பைக் சீட்டில் உட்கார்ந்தான்.

பத்து வரை எண்ணினான். எழுந்தான்.

தன் பின்பக்கத்தைத் தானே பார்க்க முடியாது என்பது அப்போதுதான் ஒரு பெரிய குறையாகத் தெரிந்தது.

வண்டியின் பக்கக் கண்ணாடியைத் திருப்பினான். குனிந்து, வளைந்து, வெள்ளை வேட்டியின் பின்புறத்தைத் தேடினான். கண்ணாடியில் எதிர்வீட்டு இசக்கிராஜ் தெரிந்தார். வாயில் பிரஷ்.

“அண்ணாச்சி, எல்லாரும் துணிய வச்சுல்லா தொடைப்பாங்க. நீங்க என்ன, உக்காந்து தொடைக்கிய?”

அவன் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் திருப்பினான்.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது டயருக்கென்று கறுப்பு பாலிஷ் வாங்கினான். பாட்டிலில் பாதி மிச்சம். வீணாகப் போகிறதே என்று சீட்டுக்கும் பூசினான்.

மின்னியது. ஒரு காகம் வந்து அதில் முகம் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொண்டு போனது. உட்கார்ந்த ஈ ஒன்று நிற்க முடியாமல் பெட்ரோல் டேங்க் வரைக்கும் வழுக்கிப் போனது. நம்பாதவர்கள் ஈயைக் கேட்டுக்கொள்ளலாம்.

அந்தச் சீட்டில் அவன் மனைவி உட்கார்ந்தாள். மாம்பழ நிறப் பட்டு.

மண்டபத்தில் மூன்று பந்திக்கும் அவள்தான் முன்னே நின்று எல்லோரையும் உபசரித்தாள். பின்னால் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் சொல்லவில்லை. தாம்பூலப் பை வாங்கும்போது நாத்தனார் சொன்னாள். அதுவும் சிரித்துக்கொண்டு.

அன்றிலிருந்து அவள் வண்டியில் ஏறவில்லை.

பதினோரு மாதம். அவள் பேருந்தில் போவாள். அவன் பேருந்துக்குப் பின்னால் வண்டியில் போவான். ஒரே விசேஷத்துக்கு. திரும்பி வருவதும் அப்படியே, ஒரே வீட்டுக்கு.

அவனும் சும்மா இருக்கவில்லை. மண்ணெண்ணெயால் சீட்டைத் துடைத்தான். சீட்டுக்குத் தேமல் வந்தது. டீசலால் டயரைத் துடைத்தான். அது ரப்பரைத் தின்றுவிடும் என்று மெக்கானிக் திட்டினார்.

நேற்றுதான் அது தோன்றியது.

பட்டில் ஏறிய கறுப்பை எடுத்தது எது? பூந்திக்கொட்டை. மூன்று முறை ஊறவைத்து அலசினாள். போய்விட்டது. பட்டையே நோகடிக்காதது ரெக்ஸினையும் ரப்பரையும் என்ன செய்துவிடும்?

அவள் டப்பாவிலிருந்து ஏழு கொட்டைகளை எடுத்தான். கேட்காமல்தான்.

காலையில் நுரை பொங்கியது. பழைய பனியனை நனைத்து சீட்டைத் துடைத்தான். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி டயரைக் கழுவினான். நல்ல தண்ணீர் விட்டான். அதற்கு மேல் ஒன்றும் பூசவில்லை.

மின்னவில்லை. டயர் டயர் மாதிரி இருந்தது. சீட்டு சீட்டு மாதிரி இருந்தது.

வெயிலில் காயவிட்டு, உள்ளே போய் இருப்பதிலேயே வெள்ளையான வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தான்.

இப்போது கதவு திறந்தது.

அதே மாம்பழ நிறப் பட்டு. கையில் பை. எட்டுப் பத்துக்குப் பேருந்து. ஒன்பதரைக்கு முகூர்த்தம்.

அவள் டயரைப் பார்த்தாள். சீட்டின் மேல் குனிந்து முகர்ந்தாள். ஒரு புருவம் மட்டும் மேலே போனது.

விரலால் ஒரு கோடு இழுத்தாள். விரலைப் பார்த்தாள். அது போதவில்லை.

“திரும்பி நில்லுங்க.”

நின்றான். கணக்கு வாத்தியார் முன்னால்கூட அவ்வளவு நேராக நின்றதில்லை.

தெருமுனையில் பேருந்து வந்தது. நின்றது. ஹாரன் அடித்தது.

பின்னால் சத்தமே இல்லை. கறை இருக்கிறதா, இல்லையா? திரும்பிப் பார்க்கவும் பயம்.

பேருந்து கிளம்பிப் போனது.

அதற்குப் பிறகுதான் வண்டியின் சென்டர் ஸ்டாண்டு ஒருமுறை முனகியது. பட்டு சரசரத்தது. வளையல்கள் பின்சீட்டுக் கம்பியில் உரசின.

வண்டி இன்னும் ஸ்டாண்டில்தான் நிற்கிறது. அதை எடுக்க வேண்டுமென்றால் அவளை இறங்கச் சொல்ல வேண்டும்.

அவன் சொல்லவில்லை.