எந்தக் கை நிஜம்?

“கீமோவால வர்ற குமட்டலுக்கு அக்குபஞ்சர் கேட்குமான்னு பார்க்கணும் சார். பாதிப் பேருக்கு நிஜ ஊசி, பாதிப் பேருக்குத் தோலைத் தொட்டு நிக்கற பொய் ஊசி. ரெண்டுல ஒண்ணுன்னு சொல்லிடுவோம். எதுன்னு கடைசி வரைக்கும் சொல்ல மாட்டோம்” என்றாள் புற்றுநோய் டாக்டர்.

ஆய்வுகளுக்கு அனுமதி தரும் குழுவின் தலைவர் அவள் நீட்டிய ஆய்வுக் கோப்பைத் தள்ளி வைத்தார்.

“நடக்காதும்மா. நானே ஆறு கீமோ பார்த்து எழுந்தவன். ஊசின்னா இந்தக் கைக்கு அத்துப்படி. பொய்யை உடனே கண்டுபிடிச்சிடும்.”

ஊசி போடப்போகும் அக்குபஞ்சர் மருத்துவரும் தலைவர் பக்கம் சாய்ந்தார். “போடற என் விரலுக்கும் தெரிஞ்சிடும்.”

“அப்ப போட்டே பார்த்துடலாம். எந்தக் கை நிஜம்னு சொல்லுங்க” என்றாள் அவள்.

ஒட்டிய உறையைப் பிரித்து, மூடிய குழாய்களுக்குள் இருந்த இரண்டு ஊசிகளை அவள் நீட்டினாள். மருத்துவர் தலைவரின் இரண்டு மணிக்கட்டிலும் ஒவ்வொன்று போட்டார்.

“இடதுதான் நிஜம். சுருக்குன்னுச்சு. வலதுல ஒண்ணுமே தெரியலை” என்றார் தலைவர்.

“சந்தேகமே வேண்டாம், இடதுதான்” என்றார் மருத்துவர்.

அவள் இரண்டு குழாய்களையும் கழற்றி மேஜைமேல் வைத்தாள். இரண்டு ஊசிக்கும் முனை மொட்டை.

தலைவர் இடது மணிக்கட்டைத் தடவிப் பார்த்தார். ஒரு புள்ளிகூட இல்லை. வாய்விட்டுச் சிரித்தவர், கோப்பை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் மருத்துவர் முறைத்தார்.

“ரெண்டுமே பொய்னு காலையில பல் தேய்க்கறப்பவே சொல்லியிருக்கலாம்ல? கட்டின புருஷன்கிட்டயுமா மறைப்பே?”

“சொல்லியிருந்தா உங்க மூஞ்சியே அவருக்குக் காட்டிக் கொடுத்திருக்கும்” என்று கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டாள். “ஆராய்ச்சி ரெண்டு வருஷம். அதுவரைக்கும் வீட்லயும் இப்படித்தான்.”