கீழ் அம்புக்குறி

"யாரோ வேணும்னே கை வச்சிருக்காங்க மொதலாளி!"

கிருபாபாய் கம்ப்யூட்டரை மூன்றாவது முறையாக அணைத்துப் போட்டாள். 'பீப்' சத்தம் கேட்டதும் மனசுக்குள் பத்து வரை எண்ணினாள். கீழ் அம்புக்குறியில் ஒரு தட்டு, என்டரில் ஒரு தட்டு. நாலு வருஷப் பழக்கம், தூக்கத்தில்கூடத் தப்பாது.

இன்றைக்குத் தப்பியது. டாஸ் வர வேண்டிய இடத்தில், இசையெல்லாம் முழக்கிக்கொண்டு விண்டோஸ் 95 வந்து இறங்கியது.

அந்த ஒரே கம்ப்யூட்டரில் இரண்டும் இருந்தன; போட்டதும் எது வேண்டும் என்று மெனு வரும், மேலே விண்டோஸ், கீழே டாஸ். மருந்துக் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுத விண்டோஸ். பேண்டேஜ் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் புரோகிராமோ பழைய டாஸில் மட்டும்தான் ஓடும். வாசலில் லாரி நிற்கிறது, லேபிள் ஒட்டாமல் ஒரு பெட்டியைக்கூட ஏற்ற முடியாது.

கம்பெனி முதலாளி ராஜரத்தினத்துக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. கோபம் மட்டும் நன்றாகத் தெரியும்.

"இந்தப் பொண்ணு ஸ்கிரீனையே பாக்காம அடிக்கும்னு ராஜபாளையம் பூராம் பெருமை பேசிட்டுத் திரிஞ்சேன் பாரு, என்னையச் சொல்லணும்! மத்தியானத்துக்குள்ள லேபிள் வரலேன்னா நாளைக்கு இந்த நாற்காலியில வேற ஆளு இருக்கும், பாத்துக்கோ."

கிருபாபாய் இன்னொரு முறை அணைத்துப் போட்டாள்; மறுபடியும் அதே இசை. வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான் வருமானம். இந்த வேலை போனால் இன்னொரு இடத்தில் யார் சேர்த்துக்கொள்வார்கள்?

ரிப்பேர் பார்க்கும் சாகுல் ஹமீது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள், அவள் மேஜைக்கும் வாசலுக்குமாகப் பத்து நடை நடந்துவிட்டாள்.

"என்ன தம்பி செஞ்சு வச்சீங்க? சனிக்கிழமை நீங்கதான வந்துட்டுப் போனீங்க?"

"நல்லதுதான்க்கா செஞ்சேன். தெனமும் அம்புக்குறியத் தட்டிட்டுக் கெடக்கீகளேன்னு டாஸை மேல போட்டுட்டு, விண்டோஸைக் கீழ எறக்கினேன். சும்மா இருந்தாலே டாஸ் வந்துரும். மெனுவுலதான் ரெண்டோட பேரும் பெருசா வருதே, அதப் பாத்து..."

சாகுல் சட்டென்று நிறுத்தினான். அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு முதலாளி பக்கம் திரும்பினான்.

"சொல்லாமச் செஞ்சது என் தப்புதான் மொதலாளி. அக்கா மேல ஒண்ணுமில்ல. செத்த நேரத்துல பழையபடி மாத்திருதேன்."

"என்னமும் செய்யி, சீக்கிரம் செய்யி!" என்று லாரிக்காரரைச் சமாதானம் செய்ய ஓடினார் ராஜரத்தினம்.

சாகுல் பத்து நிமிடம் எதையோ தட்டினான். கம்ப்யூட்டரை அணைத்தான். எழுந்து நாற்காலியை அவளுக்கு விட்டான்.

"மாத்தியாச்சு. இப்பம் நீங்களே போட்டுப் பாருங்கக்கா."

சுவிட்சைப் போட்டாள். பீப். பத்து வரை எண்ணினாள். கீழ் அம்புக்குறி, என்டர். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இசை வரவில்லை.

கிருபாபாய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்பாடா! வந்துட்டு தம்பி! அதே நீல ஸ்கிரீன், அதே வெள்ளை எழுத்து. எல்லாம் பளிச்சுன்னு தெரியுது. நீங்க நல்லா இருக்கணும்!"

சாகுல் வாசலை எட்டிப் பார்த்தான். முதலாளி தூரத்தில் நின்றார். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அக்கா... ஸ்கிரீனை நான் அணைச்சுல்ல வச்சிருக்கேன்."