ஃபின்டனின் பிஸ்கட் டப்பா

ஃபின்டனின் மனைவி கொலெட் அந்தப் பிஸ்கட் டப்பாவைத் துண்டில் சுற்றி, இரண்டு கையாலும் ஏந்தியபடி கீவாவின் கூடாரத்துக்குள் போனாள். எதிர்வரிசையில் டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்த மூரின் நிமிர்ந்தாள். துண்டு விலகிய இடத்தில் நீல மூடி தெரிந்தது.

அந்த டப்பாவைத் தெரியாதவர்கள் இந்தப் பந்தயத் திடலில் கிடையாது. ஃபின்டன் தன் கார்புரேட்டரை அதற்குள்தான் வைத்திருப்பார்.

பழைய பீட்டில் கார் இன்ஜின் போட்ட ஒற்றை இருக்கைக் கார்கள். தபால்காரரும் பள்ளிக்கூட டீச்சரும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஓட்டுகிற பந்தயம். எல்லாருக்கும் ஒரே இன்ஜின், ஒரே டயர். வித்தியாசமெல்லாம் கார்புரேட்டரைத் திருத்துகிற கையில்தான். அந்தக் கையைத் தகனம் செய்து ஆறு வாரம் ஆகிறது. இன்று அவர் பெயரில் முதல் கோப்பை.

கூடாரத் துணி இறங்கியது. உள்ளே ஸ்பேனர் சத்தம்.

பதினாறு வருஷம், என்று நினைத்துக்கொண்டாள் மூரின். முல்லிங்கர் ஊரில் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளை அவர்தான் இந்தக் காருக்குள் உட்கார வைத்தார். அந்த டப்பாவை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமலே வரும் என்றிருந்தாள். கீவா வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்கு எப்போது போனாலும் அவர் கட்டில் பக்கத்து நாற்காலியில் அந்தப் பெண்ணின் சிவப்பு ஜாக்கெட் தொங்கும்.

இரங்கல் கூட்டத்தில்கூட கீவா எத்தனை முறை கண்ணைத் துடைத்தாள் என்று மூரின் எண்ணினாள். எண்ணிவிட்டு வீட்டுக்குப் போய் வெட்கப்பட்டாள். மறுநாள் காலையில் அந்த எண்ணிக்கை அப்படியே ஞாபகம் இருந்தது.

பந்தயம் தொடங்கியது. மூன்றாவது சுற்றில் மூரின் முன்னால் வந்தாள். பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் கீவா.

பயிற்சி நாட்களில் அந்தக் கண்ணாடியில் ஃபின்டன் இருப்பார். தன் காரை எடுத்துக்கொண்டு எப்போதும் அவள் பின்னாலேயே வருவார். "முன்னால போனா எனக்கு உன் கார் மூக்கு மட்டுந்தான் தெரியும்" என்பார். உடம்பு முடியாமல் அவர் ஓட்டுவதை நிறுத்திய பிறகும், வளைவுக்கு வளைவு அவள் கண் தானாகக் கண்ணாடிக்குப் போகும். இன்று போனபோதெல்லாம் அந்தப் பெண்.

கடைசி நேர்ச்சாலை. பின்னால் வருகிற காரை முன்னால் போகிற காரின் காற்றே இழுத்துக் கொடுக்கும். கடைசி வளைவில் இரண்டாவதாக வருபவர்தான் ஜெயிப்பார், இது இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். மூரின் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். கீவா முந்துவதற்கு விலகவே இல்லை. பின்னாலேயே வந்தாள், முடிவுக் கோடு வரைக்கும்.

கோப்பை மூரினுக்கு. கைதட்டலைக் கேட்டபோது பிச்சை வாங்கியது போல் இருந்தது. அவருடைய கார்புரேட்டரையும் மாட்டிக்கொண்டு, எனக்கு விட்டும் கொடுக்கிறாளா?

எடை மேடையில் கீவாவின் கார் ஏறியது. பரிசோதகர் டோனல் எண்ணைப் பார்த்துவிட்டு, காலையில் இருந்ததைவிட மூன்று கிலோ கூட என்றார். "மத்தியானம் என்னம்மா சாப்பிட்ட, முழு ஆட்டையா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கீவா மட்டும் ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"கார்புரேட்டரைப் பாருங்க டோனல்" என்றாள் மூரின். "காலைல நீங்க பாத்த பிறகு மாத்தியிருக்கா."

சிரிப்பு நின்றது. பரிசோதனைக்குப் பிறகு சொல்லாமல் எதை மாற்றினாலும், எதைச் சேர்த்தாலும் அன்றைய இடம் போய்விடும். இரண்டாம் இடம் கீவா வாழ்க்கையில் வாங்கிய முதல் பரிசு.

டோனல் இன்ஜின் மூடியைத் தூக்கினார். காலையில் அவர் வைத்த மஞ்சள் பெயின்ட் பொட்டு அழியாமல் இருந்தது. அதே பழைய கார்புரேட்டர்தான். பிறகு டார்ச்சை இருக்கைக்கு அடியில் அடித்தார். நான்கு போல்ட் போட்டு இறுக்கிய கம்பிப்பட்டைக்குள் நீல மூடி.

"இத எழுதித்தான் ஆகணும், கீவா."

"எழுதிக்கங்க" என்றாள் அவள். "தெரிஞ்சுதான் வெச்சேன். ஆனா இங்க எல்லார் முன்னாடியும் திறக்க வேண்டாம்."

"திறங்க" என்றாள் மூரின்.

டோனல் ஸ்பேனரை எடுத்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கொலெட் வந்தாள். கையில் குடிக்காத தேநீர்.

"பாத்துக் கழட்டு, டோனல். ஃபின்டன் அதுக்குள்ளதான் இருக்காரு."

டோனல் தொப்பியைக் கழற்றினார். எங்கோ ஒரு இன்ஜின் அணைந்தது.

மூரினுக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் அதற்கும் முன்னால் அந்தப் பழைய கசப்பு வந்துவிட்டது.

"அவ வண்டியிலயா?" என்றாள். "பதினாறு வருஷம், கொலெட். என் வண்டியில வைக்கணும்னு உங்களுக்குத் தோணலையா?"

"நான் எங்க வெச்சேன்? இன்ன இடம்னு அவரே சொல்லிட்டுத்தான் போனாரு." கொலெட் தேநீரை அவள் கையில் கொடுத்தாள். "உன் வண்டியில உக்காந்துட்டா, நீ ஓட்டறத அவரு எப்படிப் பாக்கறது?"