சுற்றுவழி

மலையில் யாராவது மாட்டிக்கொண்டால் மீட்புக்குழு எந்த வழியாக நடக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது அவர் வேலை. பன்னிரண்டு வருஷ அனுபவம். ஆனால் குழுத் தலைவி இன்றைக்கும் புதிதாகச் சேர்ந்தவனின் வரைபடத்தைத்தான் கையில் எடுத்தாள். அவர் தன் வரைபடத்தை அவள் முன்னால் தள்ளினார்.

"நேத்து வந்தவன் போட்ட வழிதான் இனிக்குதா?"

"அதுல மூணு மணி நேரம் சார். உங்களதுல ஆறு."

"அந்தச் சரிவுல மண்ணு எப்படியிருக்குன்னே அவனுக்குத் தெரியாது. நூத்துக்கு ஒன்பது தடவை வழுக்கும். என் வழியில ஒரே தடவைதான்."

"மத்தவங்க போறப்ப இதே சரிவை நீங்களே போட்டுக் குடுத்திருக்கீங்க. நான் போற அன்னைக்கு மட்டும் உங்க கணக்கு மலையையே சுத்துது. மேல ஒருத்தர் கால் உடைஞ்சு கிடக்கார்."



அவள் ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினாள். பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தாள்.

"நாலு மணிக்கு நம்ம பொண்ணு ஸ்கூல்ல இருந்து வந்துடுவா. இன்னைக்கு நீங்க போய்க் கதவைத் திறங்க."

வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"அவன்மேல கோபப்படாதீங்க. அவன் என்னைக் கட்டிக்கலை. அதான் அவன் கணக்கு சரியா வருது."